பற்காரை நீக்கம்: யாருக்கு, எப்போது, எங்கே

ஒரே நாற்காலியில், பெரும்பாலும் ஒரே கட்டணத்தில் முடிந்துவிடுவதால் ஒன்றெனவே கருதப்படும் பல் பரிசோதனையும் பல் துப்புரவும் உண்மையில் வெவ்வேறு நோக்கம் கொண்ட இரு செயல்கள். பற்கள், ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றின் நிலையைக் கண்டறிவது பரிசோதனை. பேச்சுவழக்கில் ‘க்ளீனிங்’ என்றும் மருத்துவர்களால் ‘ஸ்கேலிங்’ என்றும் வழங்கப்படும் துப்புரவோ, பல்லின் மீது இறுகிப்போன காரையைக் கருவிகொண்டு அகற்றுவது. முன்னதை விடுத்துப் பின்னதை மட்டும் செய்துகொள்வது, நீர் எங்கே கசிகிறது என்று பாராமல் சுவருக்கு வெள்ளையடிப்பதை ஒக்கும் என்பதால், இவ்விரண்டையும் தனித்தனியே எடைபோட்ட பின்னரே எது தேவை, எவ்வளவு இடைவெளியில் தேவை என்று முடிவு செய்ய இயலும்.

பல்லின் மீது இடைவிடாது உருவாகிக்கொண்டிருக்கும், பாக்டீரியாக்கள் செறிந்த மென்மையான ஏடு பற்படலம் எனப்படும். துலக்கினால் நீங்கிவிடும் இப்படலம் நீங்காமல் தங்கிவிடுமாயின், உமிழ்நீரிலுள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புகள் அதில் ஏறிச் சில நாட்களிலேயே அதை இறுகச் செய்கின்றன. அவ்வாறு இறுகியதே பற்காரை. கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும் காரை மிகுந்திருப்பதற்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் அவ்விடங்களை ஒட்டித் திறப்பதே காரணம். எனினும் ஈறு வீக்கத்தைத் தோற்றுவிப்பது காரையன்று, படலமே. பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடன் பணியாற்றியோரும் டென்மார்க்கில் நடத்தி 1965-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தியபோது மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டதும், மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது தணிந்ததும் பதிவாயின. காரை செய்வதெல்லாம், தன் சொரசொரப்பான மேற்பரப்பில் புதிய படலத்துக்கு இடம் கொடுத்து, துலக்கியின் இழைகள் ஈற்றோரத்தை எட்டாதபடி தடுப்பதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னும் பரவலான அறிவுரைக்கு உறுதியான அறிவியல் அடிப்படை உண்டா என்ற வினாவை பல் மருத்துவ அறிஞர் ஆப்ரி ஷீயம் 1977-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுப்பினார். மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004-இல் வெளியிட்ட நெறிமுறை, அவரவர் நோய் வாய்ப்பைப் பொறுத்துப் பெரியவர்களுக்கு 3 முதல் 24 மாதம் வரையிலும், 18 வயதுக்குட்பட்டோருக்கு 3 முதல் 12 மாதம் வரையிலும் பரிசோதனை இடைவெளியை வகுத்தது. துப்புரவைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு மீளாய்வு, கடுமையான ஈறு நோய் இல்லாமல் முறையாக மருத்துவரிடம் சென்றுவரும் பெரியவர்களிடையே, ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை துப்புரவு செய்துகொண்டோருக்கும் அவ்வாறு செய்துகொள்ளாதோருக்கும் ஈறு அழற்சியில் கருதத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. இம்முடிவை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பெயர்த்து நடுவது பிழையாகும். அம்மீளாய்வுக்கு உட்பட்டவர்கள் ஏற்கெனவே ஒழுங்காகப் பரிசோதனைக்குச் சென்றுகொண்டிருந்தவர்கள். வலி வந்தாலன்றிப் பல் மருத்துவரை நாடாத, பல்லாண்டுக் காரை ஈற்றுக்கடியில் தங்கிவிட்ட ஒருவருக்கு அந்த ஆய்வு எதையும் கூறவில்லை.

ஆகவே, தெரிவின் அச்சாணி நாட்காட்டியன்று, ஈற்றின் அளவு. பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மில்லிமீட்டர்க் குறியிட்ட மெல்லிய கம்பியை மெதுவாக இறக்கி மருத்துவர் ஆழம் பார்க்கிறார். ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டராக இருந்து, குருதிக் கசிவும் இல்லாவிடில், கண்ணுக்குத் தெரியும் காரையை மட்டும் எடுப்பது போதும். காரையே இல்லையெனில் துப்புரவைத் தள்ளிவைப்பதிலும் தவறில்லை. நான்கு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆழ்ந்து ஈறு பை போலப் பிரிந்திருந்தால், மரப்பு ஊசி போட்டு வேரின் மேற்பரப்பு வரை சுத்தம் செய்யும் ஆழ்துப்புரவு தேவைப்படலாம்; அது ஓர் அமர்வில் முடியாமல் வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்யப்படுவதும் உண்டு; அதன்பின் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கண்காணிப்பும் வேண்டும். ஆழம் பார்க்காமலே எவருக்கும் ஒரே துப்புரவைப் பரிந்துரைக்கும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

‘க்ளீன் செய்தால் பல் ஆடும், எனாமல் தேயும்’ என்னும் அச்சம் பலரைத் தடுத்து நிறுத்துவதால் அதைச் சற்று விரித்துரைப்பது தகும். ஸ்கேலிங் கருவியின் முனை வினாடிக்கு 25,000 முறை அளவில் அதிர்ந்து, நீர்த்தாரையின் துணையோடு காரையைப் பெயர்க்கிறது. அது அரம் போலப் பல்லை அராவுவதில்லை. ஈறு நோயால் எலும்பு கரைந்து முன்னரே தளர்ந்துவிட்ட பற்களை, இடைவெளிகளில் நிறைந்த காரை பூச்சுப் போலப் பிணைத்து வைத்திருக்கும். அப்பூச்சு அகன்றதும் இடைவெளி கண்ணுக்குப் புலனாகிறது, வேர் வெளிப்பட்ட இடத்தில் குளிர்நீர் பட்டால் கூசுகிறது, பல்லின் ஆட்டமும் அப்போதுதான் தெரியவருகிறது. பழி துப்புரவின் மேல் விழுந்தாலும், கெடுதல் நிகழ்ந்தது அதற்குப் பல்லாண்டு முன்னர். கூச்சம் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும்.

பற்களை வெண்மையாக்கும் நோக்கத்தோடு மட்டும் வருவோர் இன்னொரு வேறுபாட்டையும் அறிந்திருக்க வேண்டும். தேநீர், வெற்றிலை, புகையிலை ஆகியவற்றின் மேற்கறையைத் துப்புரவு நீக்கும். பல்லின் இயற்கை நிறத்தை அது மாற்றாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் மிகை புளோரைடால் சிறுவயதிலேயே எனாமலுக்குள் ஏறிவிட்ட பழுப்புக் கறை எத்தனை முறை ஸ்கேலிங் செய்தாலும் போகாது. அதற்கு வேறு சிகிச்சைகளே உள. அமிலம் தேய்த்து உடனே பளிச்சிடச் செய்வதாகக் கூறும் தகுதியற்றோரிடம் செல்வது, போன பின் திரும்ப வளராத எனாமலைக் காசு கொடுத்துக் கரைப்பதாகும்.

வெற்றிலைபாக்கும் புகையிலையும் மெல்லுவோர்க்குத் துப்புரவைவிடப் பரிசோதனையே முதன்மையானது. ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெண்படலம், பாக்கினால் கன்னம் இறுகி வாய் வரவரக் குறைவாகத் திறத்தல் ஆகியன புற்றுநோய்க்கு முந்திய நிலைகளாக இருக்கக்கூடும். பல் வலிக்காததால் இவை நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கும் குறுகிய இடைவெளியே பொருந்தும், ஏனெனில் சர்க்கரை ஈற்றைக் கெடுக்க, கெட்ட ஈறு சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கடினமாக்குகிறது. சிறுவர்களுக்கோ துப்புரவுக்குச் செலவிடுவதைவிட, ஆறு வயதளவில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை அடைக்கும் பூச்சுக்கும் புளோரைடு பூச்சுக்கும் செலவிடுவதே மேல்.

இடத்தெரிவில் பணமும் நேரமும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றன. சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்றவற்றில் செலவு மிகக் குறைவு, காத்திருப்பு மிகுதி. தனியார் கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் ஒரு வாய்க்கு ஒரு முற்பகல் முழுதும் ஆகலாம். ஆனால் பயிலும் கை மெதுவாகவும் ஒவ்வொரு பல்லாகவும் செல்வதால், அவசரமில்லாதவர்க்கு அது குறையன்று. தனியார் மருத்துவமனை விரைவைத் தரும். ஆழ்துப்புரவு தேவைப்படுவோர் அங்கும், பல் மருத்துவப் பட்டத்துக்குப் பின் ஈறு மருத்துவத்தில் மூன்றாண்டு முதுநிலைப் பயிற்சி பெற்றவரையே நாடலாம். எங்கே சென்றாலும், இதயத்தில் செயற்கை வால்வோ பேஸ்மேக்கரோ பொருத்தியிருப்பதையும், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரைகளையும் நாற்காலியில் அமரும் முன்பே மருத்துவரிடம் கூறுவதும், அம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிட்டு வராமலிருப்பதும் இன்றியமையாதன.