கண்ணாடிப் பாகத்தின் உள்வழியைக் கணினியில் பார்க்க: தோட்டத்து வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கேமரன் மலையின் தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ ஒரு பாடம். ஃப்ரீகேட், டிங்கர்கேட், ஸ்கெட்சப் போன்ற வரைதல் மென்பொருள் கைக்கு வந்தபின் பள்ளி வேலைக்கு மட்டும் ஏன் அதை வைத்திருக்க வேண்டும்? ஸ்ட்ராபெரிச் சட்டிகளுக்குச் சொட்டுநீர் விடும் மூன்றுவழி இணைப்பு, தேயிலை ஊறும் கண்ணாடிக் குடுவையின் மூக்கு, தண்ணீர் வடிகட்டியின் மூடி என்று வீட்டுக்கு வேண்டியதையே வரையச் சொல்லுங்கள். இவை எல்லாவற்றிலும் முக்கியமானது உள்ளே ஓடும் வழிதான். அதைத் திரையில் தெளிவாகப் பார்க்கச் சில வழிகள்:

1. பாகத்தை ஒரேயடியாகக் கண்ணாடி ஆக்கிவிடாதீர்கள். முன்சுவர், பின்சுவர், துளை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது எங்கே இருக்கிறது என்றே புரியாது. ஃப்ரீகேடில் பாகத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் டி-யும் (Ctrl+D) அழுத்தினால் ஊடுதெளிவு அளவு 0 முதல் 100 வரை வரும். 60-க்கும் 80-க்கும் இடையில் வைத்துப் பாருங்கள். டிங்கர்கேடில் டி (T) விசை ஒன்றே போதும். ஸ்கெட்சப்பில் எக்ஸ்ரே பார்வை இருக்கிறது.

2. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்: உள்வழியை வெறும் ஓட்டையாக விடாமல் அதற்கே ஒரு உருவம் கொடுங்கள். டிங்கர்கேடில் துளைக்கான உருளைகளை முதலில் ஒன்றாகச் சேர்த்து, கன்ட்ரோல் டி (Ctrl+D) அழுத்தி அதே இடத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கட்டையோடு சேர்த்துத் துளையிடுங்கள். மற்றதைத் திடப்பொருளாக மாற்றிச் சிவப்பு நிறம் கொடுங்கள். வெளிக்கட்டை ஊடுதெளிவாக, உள்ளே சிவப்பாக ஒரு மரக்கிளை போல வழி முழுவதும் எழுந்து நிற்கும். ஃப்ரீகேடில் நகல்கூட வேண்டாம். வெட்டப் பயன்பட்ட உருவம் மரப்பட்டியலில் ‘கட்’ என்பதற்குக் கீழே ஒளிந்திருக்கும். அதைத் தொட்டு இடைவெளி விசையை அழுத்தினால் வெளியே வரும்.

இப்படிப் பார்க்கும்போதுதான் உண்மையான குறைகள் தெரியும். இரண்டு துளைகள் நன்றாகக் கலக்கின்றனவா, விளிம்பில் மட்டும் உரசிக்கொண்டு நிற்கின்றனவா? தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கக்கூடிய முட்டுச்சந்து எங்காவது இருக்கிறதா? வெளிச்சுவருக்கு எவ்வளவு கனம் மிச்சம்? அந்தச் சிவப்பு உருவத்தின் கன அளவைக் கேட்டால், இணைப்புக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதும் கிடைத்துவிடும். சிவப்பும் சுவரும் ஒரே பரப்பில் ஒட்டியிருப்பதால் திரையில் மினுக்கினால், சிவப்பின் விட்டத்தை 0.1 மில்லிமீட்டர் குறையுங்கள்.

3. அடுத்தது வெட்டிப் பார்ப்பது. ஃப்ரீகேடின் வியூ மெனுவில் ‘கிளிப்பிங் பிளேன்’ இருக்கிறது. அது காட்சியை மட்டும்தான் வெட்டும். அதனால் திடமான பாகமும் உள்ளே கூடாக இருப்பதுபோலத் தெரியும், பயப்பட வேண்டாம். வெட்டுமுகம் நிரம்பித் தெரிய ‘பெர்சிஸ்டன்ட் செக்ஷன் கட்’ பயன்படுத்துங்கள். டிங்கர்கேடில், பாதிப் பாகத்தை மறைக்கும் அளவுக்கு ஒரு துளைப்பெட்டி வைத்துச் சேர்த்துப் பார்த்துவிட்டு, செய்ததைத் திரும்ப எடுத்துவிடலாம். வெட்டு துளையின் நடுக்கோட்டில் விழவேண்டும். சற்று விலகினாலும் வழி உண்மையைவிடக் குறுகலாகத் தெரியும். அதைப் பார்த்துத் துளையைப் பெரிதாக்கினால் சுவர் மெலிந்துவிடும்.

4. நேரான துளையை நேராகப் பார்க்கும்போது தூரத்தில் இருப்பதைச் சிறிதாகக் காட்டும் தூரக்காட்சியை (பெர்ஸ்பெக்டிவ்) அணைத்து வையுங்கள். ஃப்ரீகேடில் அதற்கு வி (V) விசை, பிறகு ஓ (O).

5. முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடுவதற்கு முன், பாகத்தை அடுக்குகளாகப் பிரிக்கும் மென்பொருளான க்யூரா அல்லது புரூசாஸ்லைசரில் கோப்பைத் திறந்து, அடுக்கு அடுக்காக நகர்த்திப் பாருங்கள். இரண்டுமே இலவசம். வில்லியம் கேமரன் 1885-இல் அளக்க வந்த இந்த மலையை இன்றைய வரைபடங்கள் உயரக்கோடுகளால் காட்டுகின்றன. ஒவ்வொரு கோடும் மலையைக் கிடையாக அறுத்த ஒரு விளிம்பு. அடுக்குப் பார்வையும் அதே கணக்குதான். பிள்ளைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், புவியியலும் சேர்ந்து புரியும். வழி எந்த அடுக்கில் அடைபடுகிறது என்பதும், தொங்கும் பகுதிகளுக்கு அடியில் அச்சாகும் தாங்குபொருள் உள்ளே போய் உட்காருகிறதா என்பதும் இங்கேதான் தெரியும். வளைந்த துளைக்குள் சிக்கிய தாங்குபொருளை எடுப்பது மிகக் கடினம். கிடையாக ஓடும் துளையின் மேற்பக்கம் தொய்யும் என்பதால், அதை வட்டமாக வரையாமல் கண்ணீர்த்துளி வடிவில், கூர்முனை மேலே இருக்கும்படி வரையுங்கள்.

6. தேயிலை ஆலையைவிட நல்ல பயிற்சிப் பொருள் இங்கே கிடையாது. 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ நிறுவனத்தின் ஆலையோ வேறு எதுவோ, கொழுந்து வாட்டும் தொட்டியைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். மேலே வலையில் இலை பரப்பியிருக்கும். கீழே மறைவாக ஒரு காற்றறை, அதன் ஒரு முனையில் விசிறி. நமக்குத் தெரிவது இலைதான், வேலை செய்வது அடியில் ஓடும் காற்று. தொட்டியை ஊடுதெளிவாகவும் காற்றறையை நீல உருவமாகவும் வரையச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி காலத்திலிருந்து கூடவே வாழ்ந்த இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளை வீட்டாருக்கு விளக்கிச் சொல்லும். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

7. திரையில் கண்ணாடியாக இருந்தது கையில் வெள்ளையாக வந்தால் ஏமாற வேண்டாம். ஊடுதெளிவான இழையில் அச்சிட்டாலும் அடுக்குகளுக்கிடையே ஒளி சிதறும். அக்ரிலிக்கில் துளையிட்டாலும் உட்சுவர் சொரசொரத்துப் பனி மூடியதுபோல் ஆகும். துளைக்குள் தண்ணீர் நிரப்புங்கள், நன்றாகத் தெளியும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீருக்கு 1.33, அக்ரிலிக்குக்கு 1.49. எண்களின் இடைவெளி குறையக் குறையச் சொரசொரப்பு கண்ணுக்கு மறையும். கிளிசரினுக்கு 1.47 என்பதால் அது இன்னும் தெளிவு.

வழியின் ஓட்டத்தைப் பார்க்கச் சாயம் தேட வேண்டாம். பால் சேர்க்காத கடுந்தேநீரை ஆறவைத்து ஊற்றுங்கள். காற்றுக்குமிழி எங்கே மாட்டுகிறதோ அங்கே வடிவத்தைத் திருத்த வேண்டும். இன்னொன்று: தடித்த சுவர் உள்ள உருண்டைக் குழாயை வெளியிலிருந்து பார்த்தால் உள்துளை உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். வரைதல் மென்பொருளின் வழக்கமான காட்சி ஒளியை இப்படி வளைப்பதில்லை. ஆகவே கண்ணளவை விட்டுவிட்டு, சரியான தடிமனுள்ள துரப்பண ஊசியின் தண்டை நுழைத்துப் பாருங்கள்.

8. தேநீரை ஆறவைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பி.எல்.ஏ. இழை 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகும். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதிக்கும், ஆனால் பி.எல்.ஏ. உருக்குலைய அதுவே தாராளம். பிசினில் அச்சிட்ட பாகங்களைக் குடிக்கும் தண்ணீருக்கும் தேநீருக்கும் பயன்படுத்தவே கூடாது. குடுவை மூக்கை வரைந்து பாருங்கள், அச்சிட்டு ஆராயுங்கள், குடிப்பதற்கு மட்டும் கடைக் கண்ணாடிக் குடுவைதான்.

9. பள்ளிக் கோப்பில் ஒட்ட மூன்று படங்கள் போதும்: சிவப்பு வழி தெரியும் ஊடுதெளிவுப் படம், அளவுகள் எழுதிய நடுவெட்டுப் படம், தேநீர் நிரப்பிய உண்மைப் பாகத்தின் புகைப்படம். கடைசிப் படத்துக்கு ஜன்னல் வெளிச்சத்தைப் பாகத்தின் பின்னால் வைத்து எடுங்கள்.