மூன்று வருஷம் வீணா?

செம்பூர், மும்பை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு, அத்தை எழுதுவது.

போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி அத்தை" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னோடு சண்டை போடு.

உன் அப்பா நவி மும்பையைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில், மேனேஜ்மென்ட் கோட்டாவில் உனக்கு இன்ஜினியரிங் சீட் பேசிக்கொண்டிருக்கிறான். பணத்துக்கு வங்கிக் கடன். நீயோ டோம்பிவிலியில் நாலு கடைகளுக்கு ரீல்ஸ் எடிட் செய்து மாதாமாதம் கையில் காசு பார்க்கிறாய். "எதற்கு டிகிரி? மூன்று வருஷம் வீண்" என்கிறாய். இரண்டு பேர் சொல்வதிலும் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் உன் கட்சியிலிருந்தே பேசுகிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. உன் தாத்தா சுதந்திரத்துக்கு முன்னால் கும்பகோணத்திலிருந்து மாதுங்காவுக்கு வந்து இறங்கியபோது டிகிரி எதுவும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் ஹையர், பிட்மன் ஷார்ட்ஹேண்ட், அவ்வளவுதான். அன்றைக்குக் கோட்டைப் பக்கத்துக் கம்பெனிகளுக்குத் தப்பில்லாத ஆங்கிலத்தில் கடிதம் அடித்துத் தர ஆள் வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பையன்கள் அதைக் கற்றுக்கொண்டு ரயிலேறினார்கள். மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் 1942இல் ராமா நாயக் தொடங்கிய போர்டிங் போன்ற இடங்கள் அவர்களுக்குச் சோறு போட்டன. ஒரு தலைமுறையே அந்தக் கைத்தொழிலில் குடும்பம் நடத்தியது. 1966இல் சிவசேனை தொடங்கியபோது தென்னிந்தியர் மேல் எழுந்த கோபத்துக்குப் பெரிய காரணம் இந்த ஆபீஸ் வேலைகள்தான். பிறர் பொறாமைப்படும் அளவுக்கு ஒரு வேலையை டிகிரி இல்லாமலே பிடிக்க முடிந்த ஊர் இது. ஆகவே டிகிரி இல்லாதவன் உருப்பட மாட்டான் என்று உன்னிடம் யாராவது சொன்னால் நம்பாதே.

ஆனால் அந்தக் கதைக்குப் பின்பாதி உண்டு. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எஸ்.எஸ்.சி. முடித்ததும் நானும் டைப்பிங் கிளாஸ், ஷார்ட்ஹேண்ட் என்று போய் ஸ்டெனோவாகச் சேர்ந்தவள்தான். வேகம் நன்றாக வரும். நிமிஷத்துக்கு 120 வார்த்தை எடுப்பவளை அதிகாரிகள் விட மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகும் உன் தாத்தா என்னை விடவில்லை. மும்பைப் பல்கலைக்கழகத்தில் 1971இல் தபால்வழிக் கல்வி வந்திருந்தது. ஆபீஸ் விட்டு வந்து அதில் பி.ஏ. படிக்கச் சொன்னார். படித்தேன், பாடத்தின் மேல் பெரிய ஆசை இல்லாமலே. தொண்ணூறுகளில் மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வந்தது. அதிகாரிகள் தாங்களே கடிதம் அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். ஸ்டெனோ என்ற பதவிக்கே வேலை இல்லாமல் போயிற்று. என்னைவிட வேகமாக எழுதியவர்கள் இருந்தார்கள், ஒரு பிழை வராது அவர்கள் கையில். ஆனால் பதவி உயர்வு விதியில் "பட்டதாரி" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியால் நான் நிர்வாகப் பிரிவுக்குப் போனேன். அவர்கள் அதே நாற்காலியில் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். திறமை குறைவு என்று யாரும் அவர்களைச் சொல்ல முடியாது. அந்தத் திறமையைக் கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் விஷயம்.

நீ செய்கிற எடிட்டிங்கை நினைத்துப் பார். வெட்டுவது, எழுத்துப் போடுவது, பின்னணி இசை சேர்ப்பது என்று பாதி வேலையை இப்போதே செயலிகள் தாமாகச் செய்கின்றன. நீ கெட்டிக்காரி, இன்னொன்றைக் கற்றுக்கொள்வாய். ஆனால் தொழில் மாறுகிற அந்த நேரத்தில், வேறு வாசல் வழியாக உள்ளே போக ஒரு காகிதம் தேவைப்படும். டிகிரியை நான் அதற்காகத்தான் மதிக்கிறேன். அது அறிவுக்குச் சாட்சி என்று சொல்ல மாட்டேன். வங்கியில் கிளார்க் தேர்வு எழுதவே பட்டம் வேண்டும். யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுக்கும் அப்படித்தான். இருபத்தெட்டு வயதில் உனக்குத் திடீரென்று எம்.பி.ஏ. படிக்கவோ, இங்கே தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் எம்.ஏ. சேரவோ ஆசை வந்தால், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு வாசல் தாண்ட முடியாது.

பட்டதாரிகளுக்குத்தான் வேலை இல்லை என்று நீ எனக்கு ஒரு செய்தி அனுப்பினாய். உண்மைதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லி நிறுவனம் ஒன்றும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், 2022 கணக்குப்படி இளைஞர்களில் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே 3.4 சதவீதம். இதைப் பார்த்துவிட்டுப் படிப்புதான் வேலையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டிவிடாதே. எழுத்தறியாதவன் ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போவான். அவன் பெயர் வேலை இல்லாதவர் கணக்கில் வராது. பட்டதாரிக்கு வீட்டில் ஒருவேளைச் சோறு இருக்கும், நல்ல வேலைக்குக் காத்திருப்பான். ஆனாலும் 29 என்பது சின்ன எண் இல்லை. கையில் வேறு ஒன்றும் இல்லாமல் வெறும் பட்டத்தோடு வெளியே வருகிறவர்களின் நிலை அது. அதனால்தான் உன் அப்பாவின் யோசனையையும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறேன்.

உனக்கு இயந்திரத்திலோ கணக்கிலோ ஆசை இருந்தால் நானே முன்னால் நிற்பேன். உனக்கு ஆசை இல்லை. உன் சி.இ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கு முறையான சுற்றில் கிடைக்காத சீட்டைக் கடன் வாங்கி வாங்குவதில் என்ன லாபம்? இன்னொரு விஷயம் உன் அப்பாவுக்குத் தெரியவில்லை. 2024-25 கல்வியாண்டிலிருந்து மகாராஷ்டிர அரசு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள் இருக்கிற இ.டபிள்யூ.எஸ்., ஓ.பி.சி., எஸ்.இ.பி.சி. பெண் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் முழுக்க ஏற்றுக்கொள்கிறது. தனியார் கல்லூரிக்கும் உண்டு. ஆனால் சி.ஏ.பி. என்கிற பொதுச் சேர்க்கைச் சுற்று வழியாகச் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. அந்தப் பிரிவுக்கான சான்றிதழும் மகாராஷ்டிர அரசு தந்ததாக இருக்க வேண்டும், ஊரில் வாங்கியது இங்கே செல்லாது. நம்மவர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஒருவேளை இன்ஜினியரிங்தான் என்று நீயே தீர்மானித்தால், இந்த வழியை விட்டுக் கடனுக்குப் போகவே கூடாது.

இந்தச் செம்பூரிலேயே நேரே பட்டப் படிப்புக்குப் போகாத வேறு வழிகளும் இருக்கின்றன. ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உதவித்தொகைப் பயிற்சியாளர்களை எடுக்கிறது. ஒரு பிரிவுக்கு ஐ.டி.ஐ. அல்லது சயன்ஸில் பன்னிரண்டாம் வகுப்பு, இன்னொன்றுக்கு டிப்ளமா அல்லது பி.எஸ்சி. பயிற்சிக் காலத்திலேயே பணம் வரும். ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை, மாஹுலில் இருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எல்லாம் 1961ஆம் வருஷத்து அப்ரென்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர்களை எடுப்பவை. பன்னிரண்டாம் வகுப்பில் சயன்ஸ் எடுத்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேரலாம். அங்கே முடித்தால் இன்ஜினியரிங்கிலும் நேரே இரண்டாம் வருஷம். சி.ஏ.வுக்கும் டிகிரி கட்டாயமில்லை. பன்னிரண்டு முடித்து ஃபவுண்டேஷன், அப்புறம் இன்டர், அதன் பின் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி. அது முன்பு 3 வருஷம், 2023இல் வந்த புதிய திட்டத்தில் 2 வருஷம். மாதுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ வீடுகள் சி.ஏ.வால் எழுந்து நின்றன. ஆனால் அதற்கு வேண்டிய பொறுமை வேறு. உனக்கு அது ஒத்துவராது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்.

இனி நான் சொல்லப் போவதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உனக்குப் பதினெட்டு ஆகிறது. "படிக்கிறாள்" என்று சொன்னால் நம் சொந்தக்காரர்கள் வரன் பேச்சை எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் உன் அம்மா அந்த ஒரு வார்த்தையில் அனுப்பிவிடுவாள். "வீட்டிலிருந்து ஏதோ கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள்" என்றால் அடுத்த தையிலேயே ஜாதகம் கேட்டு வருவார்கள். அந்தப் பேச்சைத் தடுக்க உனக்குத் தெம்பு இருக்கலாம், உன் அம்மாவுக்கு இல்லை. நீ வீண் என்கிறாயே, அந்த மூன்று வருஷம் உனக்கே சொந்தமான காலம். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு அது கிடைத்ததில்லை. உன் பெரிய அத்தைக்குக் கிடைக்கவில்லை. அவளைப் போலப் பாடத் தெரிந்தவர் அப்போது இந்த ஏரியாவில் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஆகவே என் யோசனை இது. உன் வேலையை விடாதே. அதோடு காலைக் கல்லூரியில் சேர். பம்பாயில் இது பழைய பழக்கம்: ஏழு மணிக்கு வகுப்பு, பதினொன்று பன்னிரண்டுக்கு முடியும், பிறகு வேலைக்குப் போவார்கள். செம்பூரில் ஆச்சார்யா மராத்தே இருக்கிறது. சிந்தி சொசைட்டியில் விவேகானந்தக் கல்லூரி இருக்கிறது. அது, பிரிவினையில் சிந்துவை விட்டு வந்த ஹஷு அத்வானி 1962இல் தொடங்கிய கல்விச் சங்கத்தினுடையது. எந்தக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் பிரிவையே முதலில் கேள். சுயநிதிப் பிரிவோடு பார்த்தால் கட்டணம் மிகக் குறைவு, உன் சம்பாத்தியத்திலேயே கட்டலாம். பி.காம். ஆகட்டும், மீடியா படிப்பு ஆகட்டும், நீ தேர்ந்தெடு. 2020இன் புதிய கல்விக் கொள்கைப்படி ஒரு வருஷத்தில் நிறுத்தினால் சான்றிதழ், இரண்டு வருஷத்தில் டிப்ளமா, திரும்பி வந்து தொடரவும் இடம் உண்டு. உனக்கு நடுவில் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தால் போய்விட்டு வா, நான் தடுக்க மாட்டேன்.

டோம்பிவிலியிலிருந்து குர்லா வந்து ஹார்பர் லைன் மாறி ஏழு மணி வகுப்புக்குத் தினமும் வர முடியாது. என் வீட்டில் உள்ளறை காலியாகத்தான் இருக்கிறது. வந்து இரு. ராத்திரி எத்தனை மணி வரை எடிட் செய்தாலும் கேட்க மாட்டேன், காலை ஆறுக்கு எழுப்பிவிடுவேன். உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன், அதற்கு முன் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பல்கலைக்கழக முன்பதிவு தேதி முடிவதற்குள் ஹெச்.எஸ்.சி. மார்க் ஷீட், லீவிங் சர்டிபிகேட், டொமிசைல் மூன்றையும் எடுத்து வை. இ.டபிள்யூ.எஸ். சான்றிதழுக்குத் தகுதி உண்டா என்று தாசில்தார் ஆபீஸில் இந்த வாரமே விசாரிக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, காகிதங்களைக் கையோடு கொண்டு வா.

அன்புடன்,
அத்தை