வெவ்வேறு இலிதியப் பற்றரிகளை ஒன்றிணைத்தல்

காரைதீவிலிருந்து சம்மாந்துறை செல்லும் வீதியில் அமைந்த மாவடிப்பள்ளியில், வட்டைகளில் நெல்லும், குடியிருப்பை அண்டிய நிலங்களில் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை முதலியனவும் செய்கை பண்ணும் கமக்காரர்களுக்காக இத்துண்டுப் பிரசுரம் எழுதப்படுகின்றது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் மரக்கறித் தோட்டங்களுக்குக் கிணற்று நீரே கதி. அந்நீரை மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைத்து வந்தோர் 2022ஆம் ஆண்டில் பட்ட இடர் எளிதில் மறக்கத்தக்கதன்று. எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நிற்க நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் மின்வெட்டும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. சூரியப் பனலையும் இலிதியப் பற்றரியையும் கொண்டு நீரிறைக்கும் எண்ணம் பலருக்கு உண்டானதில் வியப்பில்லை.

ஆயின், வேண்டிய பற்றரிகளை ஒரே தடவையில் வாங்கும் வசதி எல்லோர்க்கும் இல்லை. வயல் வாடியில் யானைக் காவலுக்கு விளக்கெரிக்க ஒன்று, பம்பிக்கென்று பின்னர் ஒன்று, மின்சாரச் சைக்கிளிலிருந்து கழற்றியதை மலிவாகக் கேட்டு வாங்கியது ஒன்று என, வெவ்வேறு வகையான பற்றரிகள் ஒரே வீட்டில் சேர்ந்துவிடுகின்றன. இவற்றைப் பிணைத்து ஒரு பெரிய தொகுதி ஆக்கலாகாதா என்ற கேள்வி இயல்பாக எழுகின்றது. சிலவற்றை இணைக்கலாம், சிலவற்றை எக்காரணம் கொண்டும் இணைத்தலாகாது. தவறாக இணைத்தவர் பற்றரியை மட்டுமன்றி வாடியையும் இழக்க நேரிடலாம்.

வோல்ற்றும் அம்பியர்-மணியும்

பற்றரியின் மேல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். வோல்ற்று என்பது குளத்து நீர்மட்டத்தின் உயரம் போன்றது. அம்பியர்-மணி என்பது குளத்தின் பரப்புப் போன்றது. இரண்டையும் பெருக்கினால் உள்ளே அடங்கியுள்ள சக்தி உவாற்று-மணிக் கணக்கில் கிடைக்கும். 12.8 வோல்ற்று, 100 அம்பியர்-மணிப் பற்றரியில் 1,280 உவாற்று-மணி உண்டு. 25.6 வோல்ற்று, 50 அம்பியர்-மணிப் பற்றரியிலும் அதே 1,280 உவாற்று-மணியே உண்டு. ஆதலின், அம்பியர்-மணியை மட்டும் பார்த்து ஒன்றை மற்றதன் பாதி என எண்ணுவது பிழை.

1,280 உவாற்று-மணியில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொண்டால், 200 உவாற்றுப் பம்பி ஒன்று ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஓடும். நீரை 6 மீற்றர் உயர்த்த வேண்டியிருந்து, பம்பி தான் பெறும் சக்தியில் நூற்றுக்கு 40 பங்கைப் பயனாக்குமாயின், மணித்தியாலத்துக்குச் சுமார் 4,900 லீற்றர் கிடைக்கும்.

“12 வோல்ற்று” என்னும் பெயரால் வரும் கேடு

இலிதியப் பற்றரி 1991ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. இன்று அதில் பல இனங்கள் உள. கமக்காரர் கைக்கு வருவன பெரும்பாலும் இரண்டு. ஒன்று இரும்புப் பொசுபேற்று இனம். அதன் கலம் ஒன்று 3.2 வோல்ற்று உடையது, 3.65 வோல்ற்று வரை ஏற்றத்தக்கது. மற்றது நிக்கல், மங்கனீசு, கோபாற்று சேர்ந்த இனம். அதன் கலம் ஒன்று 3.7 வோல்ற்று உடையது, 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றலாகாதது. மின்சாரச் சைக்கிள்களில் பின்னையதே அதிகம் காணப்படும்.

முதலாம் இனத்தில் நான்கு கலங்களைத் தொடுத்தால் 12.8 வோல்ற்று, இரண்டாம் இனத்தில் மூன்றைத் தொடுத்தால் 11.1 வோல்ற்று. கடையில் இரண்டுக்கும் “12 வோல்ற்று” என்றே பெயர். இவற்றைப் பக்கத்தில் வைத்து, நேர்முனையோடு நேர்முனையையும் மறைமுனையோடு மறைமுனையையும் சேர்த்துவிட்டதாகக் கொள்வோம். நான்கு கலத்துக்குரிய ஏற்றி 14.6 வோல்ற்று வரை கொடுக்கும். அது மூன்று கலங்களிற் பகிரப்படும்போது கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 4.87 வோல்ற்று வந்து சேரும். தாங்கக்கூடிய எல்லையோ 4.2. வியாபாரிகள் பீ.எம்.எஸ். என்று வழங்கும் உட்காவற் சுற்று அவ்வேளையில் மின்னைத் துண்டிக்க வேண்டும். பழைய பற்றரியில் அது பழுதுற்றிருந்தால் கலம் கொதித்துப் புகைந்து தீப்பற்றும். “48 வோல்ற்று” எனப்படும் பதின்மூன்று கலச் சைக்கிள் பற்றரியை, அதே பெயருடைய பதினாறு கல இரும்புப் பொசுபேற்றுப் பற்றரியோடு சேர்ப்பதும் இத்தகையதே. பெயரை நம்பாது, இனத்தையும் கலத்தின் எண்ணிக்கையையும் கேட்டறிந்த பின்னரே அடுத்த வேலையைத் தொடங்குக. விற்பவரால் இவ்விரண்டையும் சொல்ல இயலாதாயின் அப்பற்றரியைத் தொகுதியிற் சேர்க்க வேண்டாம். பழைய ஈயப் பற்றரியையும் இலிதியத்தோடு பிணைத்தல் வேண்டாம். இரண்டினதும் ஓய்வு வோல்ற்று வேறாகையால் ஒன்று மற்றதை எந்நேரமும் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

தொடரிணைப்பு

ஒன்றின் நேர்முனையை மற்றதன் மறைமுனையோடு சேர்ப்பது தொடரிணைப்பு. இதில் வோல்ற்று கூடும், அம்பியர்-மணி கூடாது. 100 அம்பியர்-மணியுடைய 12.8 வோல்ற்றுப் பற்றரியோடு 50 அம்பியர்-மணியுடையதைத் தொடுத்தால், 25.6 வோல்ற்றில் 50 அம்பியர்-மணியே கிடைக்கும். சிறியது வற்றியதும் அதன் காவற் சுற்று துண்டித்துவிட, பெரியதிற் பாதி, அதாவது 640 உவாற்று-மணி, பயனின்றிக் கிடக்கும். காவற் சுற்றுப் பிழைத்தாலோ, வற்றிய கலங்களைப் பெரியதன் மின்னோட்டம் எதிர்முகமாகத் தள்ளிக் கெடுத்துவிடும். ஆதலின், தொடரிணைப்புக்கு ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஒரே வயது உடையவையே ஏற்றவை. அவற்றையும் எத்தனை வரை தொடுக்கலாம் எனத் தயாரிப்பாளர் குறித்த எண்ணிக்கையைக் கடத்தலாகாது.

இங்கு மற்றொரு வழக்கத்தையும் கண்டிக்க வேண்டியுள்ளது. 24 வோல்ற்றுப் பம்பிக்காக இரண்டு பற்றரிகளைத் தொடுத்தபின், 12 வோல்ற்று விளக்குக்கு அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்தலே அது. காவலிருக்கும் இரவெல்லாம் அந்த ஒன்று மட்டும் வற்றும். காலையில் பம்பி நின்றுவிட, குறை பம்பியில் இருப்பதாக எண்ணி அதனைக் கழற்றிப் பார்ப்போரும் உண்டு.

சமாந்தர இணைப்பு

நேர்முனைகளை ஒன்றாகவும் மறைமுனைகளை ஒன்றாகவும் சேர்ப்பது சமாந்தர இணைப்பு. வோல்ற்று மாறாது, அம்பியர்-மணி கூடும். மேற்சொன்ன 100உம் 50உம் சேர்ந்து 12.8 வோல்ற்றில் 150 அம்பியர்-மணி, அதாவது 1,920 உவாற்று-மணி தரும். அளவு வேறுபட்ட பற்றரிகளை இணைக்கக்கூடிய வழி இது ஒன்றே. ஒரே இனமும் ஒரே கல எண்ணிக்கையும் இதற்கு இன்றியமையாத நிபந்தனை.

இணைக்கும் கணமே ஆபத்தான கணம். மட்டம் வேறுபட்ட இரு குளங்களுக்கு இடையிலுள்ள வரம்பை வெட்டினால் நீர் எவ்வாறு பாயுமோ, அவ்வாறே மின்னும் பாயும். நிறைந்த பற்றரி 13.4 வோல்ற்றிலும் வற்றியது 12.0 வோல்ற்றிலும் இருந்து, கம்பியும் உட்தடையும் சேர்ந்து 0.02 ஓம் ஆயின், 1.4 ஐ 0.02 ஆற் பிரிக்க 70 அம்பியர் வரும். ஆகவே முதலில் ஒவ்வொன்றையும் அதற்குரிய ஏற்றியால் தனித்தனியே முழுமையாக ஏற்றுக. இரும்புப் பொசுபேற்று இனத்தில் பாதி நிறைந்ததும் முக்காற்பங்கு நிறைந்ததும் ஏறக்குறைய ஒரே வோல்ற்றைக் காட்டுவதால், மானியின் அளவை மட்டும் நம்பி இணைத்தல் தகாது. முழுதும் ஏற்றிச் சில மணித்தியாலம் ஆறவிட்டு அளந்து, வித்தியாசம் 0.1 வோல்ற்றுக்குக் குறைந்தால் மறைமுனைகளைச் சேர்க்கவும். 12 வோல்ற்றுப் பற்றரிகளாயின், நேர்முனைகளுக்கிடையே வாகன முன்விளக்குக் குமிழ் ஒன்றை வைத்து ஓரிரவு விடுக. குமிழ் ஒளிர்ந்தால் எங்கோ பிழை உண்டு, உடனே கழற்றுக. ஒளிராதாயின், காலையில் குமிழை நீக்கிக் கம்பியால் இணைக்கலாம்.

ஒவ்வொரு பற்றரியின் நேர்முனைக்கு அருகிலும் தனித்தனிப் பியூஸ் வேண்டும். கம்பி தாங்கும் அளவுக்கு மேற்பட்ட பியூஸ் போடுதல் பியூஸ் போடாமைக்குச் சமம். பம்பிக்குச் செல்லும் நேர்க்கம்பியை முதலாம் பற்றரியிலிருந்தும் மறைக்கம்பியைக் கடைசிப் பற்றரியிலிருந்தும் எடுத்தால் சுமை சீராகப் பகிரப்படும். பெரிய பற்றரியின் காவற் சுற்று திடீரெனத் துண்டித்தால் முழுச் சுமையும் சிறியதன்மேல் விழும். எனவே, சிறியது தனித்தே தாங்கத்தக்க மின்னோட்டத்துக்கு மேல் தொகுதியிலிருந்து எடுத்தல் வேண்டாம்.

பழைய பற்றரியின் மேலுள்ள அம்பியர்-மணி அதன் இளமைக்கால அளவு. இன்றைய அளவை அறிய, அதை முழுதும் ஏற்றி 5 அம்பியர் இழுக்கும் சுமை ஒன்றைக் கொடுத்து, துண்டிக்கும் வரை நேரம் பார்க்கவும். எட்டு மணித்தியாலம் நின்றால் 40 அம்பியர்-மணி.

வோல்ற்று வேறுபட்டவை

12.8 வோல்ற்றுப் பற்றரியையும் 25.6 வோல்ற்றுப் பற்றரியையும் சமாந்தரமாக இணைப்பது குறுக்கிணைப்புக்கு ஒப்பானது. அதே 0.02 ஓம் கணக்கில் 640 அம்பியர் பாய முற்படும். கம்பி உருகுவதற்குக் கணப்பொழுது போதும். இவற்றை ஒன்றாக்க விரும்புவோர், வோல்ற்றைக் குறைக்கும் மாற்றி ஒன்றை இடையில் வைத்து, பெரிய வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுச் சுமைகளுக்கு மின் எடுக்கலாம். அப்பொழுதும் ஏற்றுதல் தனித்தனிக் கட்டுப்படுத்தி வழியாகவே நிகழ வேண்டும். பெரும்பாலானோர்க்கு இச்செலவும் வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. 25.6 வோல்ற்றுப் பற்றரியைப் பம்பிக்கும், 12.8 வோல்ற்றுப் பற்றரியை விளக்குக்கும் கொடுத்துவிட்டால், இரண்டும் பிணையாமலே முழுப்பயன் தரும். பற்றரியை உடைத்துக் கலங்களை மாற்றி அடுக்கும் வேலையில் கமக்காரர் இறங்குதல் கூடாது.

வைக்கும் இடம்

கிடுகுக் கூரையின் கீழும், உரம், எண்ணெய், வைக்கோல் ஆகியவற்றின் அருகிலும், படுக்கும் இடத்திலும் பற்றரித் தொகுதியை வைக்க வேண்டாம். தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெப்பம் 45 பாகை செல்சியசைக் கடக்குமாயின் அவ்வேளையில் ஏற்றுதலை நிறுத்துக. புகை கண்டால் அணுகாதீர்கள், அப்புகை நச்சுடையது. மணல் கொட்டி மூடுவதால் உள்வெப்பம் தணியாது.

2024 நவம்பர் இறுதியில் வீதியை மூடிப் பாய்ந்து உயிர்களையும் கொண்டுசென்ற வெள்ளத்தை மாவடிப்பள்ளியில் அறியாதார் இலர். பெரும்போக மழை தொடங்குமுன்னரே தொகுதியைக் கழற்றி, அவ்வெள்ளம் எட்டிய மட்டத்துக்கு மேலே, பாதியளவு ஏற்றத்துடன் உலர்ந்த இடத்தில் வைக்கவும். நீரில் மூழ்கிய பற்றரி உலர்ந்தபின் நல்லதுபோலத் தோன்றினாலும் அதனை மீண்டும் ஏற்றாது, வீட்டுக்கு வெளியே தனியாக ஒதுக்கி வைக்கவும்.