டைம்ஷேர் விற்றுத் தருகிறோம்: முன்பணம் கேட்டால் உஷார்!

விடுமுறை விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை விலைக்கு வாங்குவதே டைம்ஷேர். தங்காவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் வரும். இதிலிருந்து விடுபட நினைப்பவர்கள்தான் மோசடிக் கும்பலின் குறி. மெக்சிகோ டைம்ஷேர் மோசடிகளில் சுமார் 6,000 அமெரிக்கர்கள் 2019 முதல் 2023 வரை ஏறக்குறைய 30 கோடி டாலர் இழந்ததாக எஃப்.பி.ஐ. கூறுகிறது.

“வாங்க ஆள் தயார், வரியை மட்டும் முதலில் கட்டுங்கள்” என்பார்கள். கட்டினால் அடுத்த கட்டணம் வரும். பிறகு, இழந்ததை மீட்டுத் தரும் ‘வக்கீல்’ வேடத்திலும் வருவார்கள், அவருக்கும் முன்பணம்!

தப்பிக்கும் வழிகள்:

1. ஐகான் லுக்அப் பக்கத்தில் அவர்களது வெப்சைட் பெயரை டைப் செய்து, டொமைன் பதிவான தேதியைப் பாருங்கள். ‘20 ஆண்டு நிறுவனம்’ சென்ற மாதம் பதிவாகியிருந்தால் விலகுங்கள்.

2. காலர் ஐடியைப் போலியாகக் காட்ட முடியும். ஒப்பந்தத்திலுள்ள எண்ணில் விடுதியையே அழைத்து, திரும்ப ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள்.

3. விற்ற பிறகே கமிஷன் வாங்கும் தரகரை மட்டும் அணுகுங்கள்.

4. இப்போதுதான் கையெழுத்திட்டீர்களா? ஃபுளோரிடா சட்டப்படி 10 நாட்களுக்குள் செலவின்றி ரத்து செய்யலாம்.

பணத்தை அனுப்பிவிட்டால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். தாமதித்தால் மீட்பது கடினம்.