மலைப்பாதைச் சரிவுக்கு மக்கு உரப் போர்வை

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் மலைப்பாதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். கீழே தேனி மாவட்டத்துத் திராட்சைத் தோட்டங்கள். மேலே இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகள். தோட்ட வேலைக்குப் போகும் நம் மக்கள் நாள்தோறும் ஜீப்பில் ஏறி இறங்கும் வழி இது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று, பாதைக்காக வெட்டிய மண்சரிவு ஆண்டில் இருமுறை அடி வாங்குகிறது. ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ரயில்பாதைக் கட்டிங்குகளில் கற்ற பாடம் சாலைக்கும் பொருந்தும்.

அரிப்பு தொடங்கும் விதம்

ஓடும் நீர்தான் மண்ணை அரிக்கிறது என்று நினைக்கிறோம். முதல் அடி மழைத்துளியுடையது. பெரிய துளி மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து மண்கட்டியை உடைக்கிறது. அந்தப் பொடி மண்ணின் துளைகளை அடைக்க, நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடுகிறது. அடித்து வந்த மண் சாலையோர வடிகாலை மூடுகிறது. பிறகு நீர் சாலையின் குறுக்கே பாய்ந்து மறுபக்கக் கரையை அறுக்கிறது.

உரம் செய்யும் வேலை

சரிவின்மேல் 1 முதல் 2 அங்குலக் கனத்துக்கு மக்கிய உரத்தைப் பரப்பினால் துளியின் அடியை அது தாங்கிக்கொள்ளும். பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். புல் விதை முளைக்கவும் இடம் தரும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நெடுஞ்சாலைத் துறை, பாதி உரமும் பாதி மரச்சிராய்களும் கலந்து சாலைச் சரிவுகளில் இட்டு வருகிறது. சிராய்கள் ஒன்றோடொன்று பின்னி உரத்தை நகரவிடாமல் பிடிக்கின்றன. நம் பக்கத்தில் தென்னை நார்க்கழிவு உரம், சாணம், ஏலக்காட்டுச் சருகு ஆகியவை உண்டு. உரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். சூடோ நாற்றமோ இருக்கக்கூடாது.

செய்முறை

1. முதலில் சரிவின் உச்சியில் வடிகால் வெட்டி, மேலிருந்து வரும் நீரைத் திருப்ப வேண்டும். இது இல்லாவிட்டால் உரம் முழுவதும் அடித்துப் போகும்.
2. மழைக்குச் சில வாரம் முன்பே உரமும் புல் விதையும் இட வேண்டும்.
3. குறுக்கு வரிசைகளில் வெட்டிவேர் நட வேண்டும். உலகமெங்கும் ‘வெட்டிவர்’ என்று வழங்கும் பெயர் நம் தமிழ்ச் சொல்லே.

எல்லை எது?

இரண்டடி நீளத்துக்கு ஓரடி உயரம் வரையுள்ள சரிவுக்கே உரம் மட்டும் போதும். அதைவிடச் செங்குத்தானால் கயிற்று வலையும் தாங்குசுவரும் தேவை. 2018 ஆகஸ்டில் இடுக்கியில் கண்டதுபோன்ற ஆழமான நிலச்சரிவை எந்த உரமும் தடுக்காது. உரம் காப்பது மேல்மண்ணை மட்டுமே.

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை

இரண்டு தட்டுகளில் மண் நிரப்பி, ஒன்றின்மேல் மட்டும் உரம் பரப்பிச் சாய்த்து வையுங்கள். பூவாளியால் ஒரே அளவு நீர் ஊற்றி, வழியும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் பிடியுங்கள். எந்தக் குவளை கலங்கலாக இருக்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். விடுமுறைக்கு ஊர் போகும்போது, மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி, புல் மூடிய சரிவையும் வெறும் சரிவையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.