எந்த ஹோலுக்கு எந்தப் பந்து? அக்காவின் டிப்ஸ்

தம்பி, போன்ல ஆடற கோல்ஃப் கிளாஷ் கேம்ல தோத்த உடனே நீ கடைக்குள்ள போய்ப் பந்து பார்க்கறதை முதல்ல நிறுத்து. விலை ஒசந்த பந்து எந்த மேட்சையும் ஜெயிச்சுக் கொடுக்காது. அதிகபட்சம் ஒரு ஸ்ட்ரோக்கை மிச்சம் பிடிச்சுக் கொடுக்கும். அந்த ஒரு ஸ்ட்ரோக் இந்த ஹோல்ல மிச்சமாகுமா, ஆகாதா? டீயில நிக்கறப்ப இதை மட்டும் யோசி. ஆகாதுன்னா, கேம்காரங்க சும்மா கொடுத்திருக்கற சாதாரணப் பந்தையே போடு. அது எத்தனை ஆட்டம் ஆடினாலும் தீராது.

டீயிலயே யோசின்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. முதல் ஷாட் அடிச்சுட்டா அந்த ஹோல் முடியறவரைக்கும் அதே பந்துதான். நிஜ கோல்ஃப்லயும் பொதுவா அப்படித்தான்: ஆரம்பிச்ச பந்தாலயே ஹோலை முடிக்கணும், அடுத்த ஹோலுக்குப் போறப்ப மாத்திக்கலாம். பந்து தொலைஞ்சா, வெடிச்சா அது வேற கதை. ஒரே வித்தியாசம், நிஜத்துல நல்ல பந்தைத் துடைச்சுப் பைக்குள்ள போட்டுக்கலாம். இங்க ஒரு ஹோல் ஆடினா அந்தப் பந்து கணக்குல இருந்து போயிடும். நீ ஜெயிச்சியா தோத்தியான்னு அது பார்க்காது.

டைட்டன், பெர்சர்க்கர், கட்டானா, கிங்மேக்கர்னு பேரெல்லாம் சண்டைப் படம் மாதிரி இருக்கும். பேர்ல மயங்காதே. ஒவ்வொரு பந்துக்கும் மூணே குணம்தான்: பவர், காத்தைத் தாங்கற சக்தி, சைட் ஸ்பின். இந்த மூணுல உனக்கு முன்னாடி இருக்கற ஹோல் எதைக் கேக்குதுன்னு பாரு.

முதல்ல பவர். எல்லாரும் இதைத்தான் தேடி ஓடறாங்க, பாதி பேருக்கு அது தேவையே இல்ல. தெரிஞ்சுக்க ஒரு வழி சொல்றேன். சாதாரணப் பந்தை வெச்சுக்கிட்டு டார்கெட் வட்டத்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் இழுத்துப் பாரு. அப்புறம் பவர் பந்துக்கு மாத்தி இன்னொரு தரம் இழு. ரெண்டு இடத்துக்கும் நடுவுல என்ன இருக்கு? தண்ணியோ பங்கரோ இருந்து, பவர் பந்து அதைத் தாண்டி ஃபேர்வேயில இறங்குதுன்னா தாராளமா போடு. பார் 5 ஹோல்ல ரெண்டாவது ஷாட்லயே கிரீனைத் தொட முடியும்னா, ஒரு புட்ல ஈகிள். பார் 4ல ஒரே அடியில கிரீனுக்குப் போக முடியும்னாலும் அப்படித்தான். அங்கதான் பவருக்கு வேலை. நடுவுல வெறும் புல்வெளிதான், ரெண்டு இடத்துல இருந்தும் அடுத்த ஷாட் கிரீனுக்குப் போயிடும்னா, அந்த எக்ஸ்ட்ரா தூரத்தை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற? சில ஹோல்ல ஃபேர்வே போகப்போகக் குறுகிக்கிட்டே வரும். அங்க தூரமா அடிக்கறதே வம்பு.

உன் கிளப்பே கிரீன்வரைக்கும் போற பார் 3 ஹோல்ல பவர் பந்து போடறது, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு மீன் வாங்கப் போற மாதிரி.

அடுத்தது காத்து. என்னைக் கேட்டா மூணுல இதுதான் முக்கியம், ஆனா இதைத்தான் யாரும் கவனிக்கறதில்ல. காத்து எந்தப் பக்கம், மணிக்கு எத்தனை மைல்னு ஸ்கிரீன்லயே அம்புக்குறியோட போட்டிருக்கும். அதுக்கு ஏத்த மாதிரி டார்கெட்டைக் காத்து வர்ற பக்கம் நகர்த்தணும். பழகினவங்க இதை வட்டத்தைச் சுத்தி இருக்கற வளையங்களை வெச்சுக் கணக்குப் போடுவாங்க. முழு தூரத்துக்கு அடிக்கறப்போ, அக்யூரசி 100 இருக்கற கிளப்னா ஒரு மைல் காத்துக்கு ஒரு வளையம். அக்யூரசி 50னா ஒரு வளையமே ரெண்டு மைலைப் பார்த்துக்கும். இந்தக் கணக்கு சாதாரணப் பந்துக்கு. காத்தைத் தாங்கற பந்தைப் போட்டா நகர்த்த வேண்டிய தூரம் குறையும். அதை மறந்துட்டுப் பழைய கணக்குலயே நகர்த்தினா, பந்து போகாத பக்கத்துக்கு நீயே குறி வெச்ச மாதிரி ஆயிடும். நல்ல பந்து போட்டும் கொடி பக்கத்துல விழலைன்னு புலம்பறவங்கள்ல நிறைய பேருக்கு இதுதான் நடக்குது.

இன்னொண்ணு. காத்தைத் தாங்கற பந்து, உனக்கு உதவி பண்ற காத்தையும் சேர்த்துத்தான் தாங்கும். பின்னாடி இருந்து பலமா வீசுதுன்னா அந்தக் காத்து சும்மா கிடைச்ச பவர். அப்போ தாங்கற பந்தைப் போட்டு அதை வெட்டி விடாதே, சாதாரணப் பந்து அந்தக் காத்துல ஏறி இன்னும் தள்ளிப் போய் விழும். எதிர்ல இருந்து வீசினா தாங்கற பந்து போடு, அதுவே பாதி பவர் பந்து வேலை செய்யும். குறுக்க அடிக்கற காத்துல, கிரீனுக்குப் பக்கத்துல தண்ணி இருந்தா, என் கை முதல்ல போறது தாங்கற பந்துக்குத்தான்.

இதெல்லாம் கேம்காரங்க கற்பனைன்னு நினைக்காதே. பிரிட்டன்ல ரொம்ப காலம் 1.62 அங்குலப் பந்தை அனுமதிச்சிருந்தாங்க, அமெரிக்காவுல 1.68. சின்னப் பந்து காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்னு, கடலோர மைதானங்கள்ல ஆடறவங்களுக்கு அது மேல தனி ஆசை. 1974ல தி ஓப்பன் போட்டிக்குப் பெரிய பந்துதான்னு கட்டாயமாக்கினாங்க. 1990ல சின்னப் பந்தை விதிப்புத்தகத்துல இருந்தே எடுத்துட்டாங்க. இன்னைக்கு விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. நிஜ ஆட்டக்காரங்களுக்கு இல்லாத அந்த வசதி உனக்கு ஒரு பட்டன்ல கிடைக்குது. காத்தைப் பார்த்து அழுத்து, அவ்வளவுதான்.

சைட் ஸ்பின்னைச் சீக்கிரம் சொல்லிடறேன். பறக்கறப்போ பந்தை வளைக்கற கர்ல், டாப் ஸ்பின், பேக் ஸ்பின் எல்லாம் கிளப்போட சமாச்சாரம். தரையில குதிச்ச அப்புறம் பக்கவாட்டுல ஓட வைக்கறது மட்டும் பந்தோட சைட் ஸ்பின். பங்கருக்குப் பின்னாடி கொடி ஒளிஞ்சிருந்தா, பக்கத்துல இறக்கி உள்ள உருட்டி விடலாம். அழகான ஷாட்தான், ஆனா பந்து எங்க குதிக்கும்னு உனக்கு நிச்சயமாத் தெரியணும். அடிக்கறப்போ ஸ்கிரீன்ல ஆடற ஊசி நடுவுல வர்றப்போ விரலை எடுக்கவே இன்னும் கை நடுங்குதுன்னா, இந்தக் குணத்துக்காகப் பந்தைச் செலவழிக்காதே. ஊசி தப்பினா எந்தப் பந்தும் காப்பாத்தாது. ரஃப்ல, மணல்ல விழுந்தாலும் அப்படித்தான், அங்க இருந்து வெளிய வர கிளப்தான் பார்க்கணும்.

ரெண்டு பேர் மோதற ஆட்டத்துல ஒரே ஒரு ஹோல்தான். ரெண்டு பேரும் காயின் கட்டி ஆடறீங்க. சின்ன டூர்ல பந்தயமே கொஞ்சம்தான், அங்க அரிய பந்தைப் போட்டு ஜெயிக்கறதுல லாபம் இல்ல. டோர்னமென்ட் வேற மாதிரி: நேருக்கு நேர் எதிராளி கிடையாது, வரிசையா நிறைய ஹோல், மொத்த ஸ்ட்ரோக்தான் கணக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதி வெச்சுக்கோ. எந்த ஹோல்ல ஈகிளுக்கு வாய்ப்பு இருக்கு? நல்ல பந்து அங்க மட்டும். எந்த ஹோல்ல என்ன பண்ணாலும் பேர்டிதான்? அங்க சாதாரணம். முதல் ஹோல்லயே பெட்டியைக் காலி பண்ணிட்டு, எட்டாவது ஹோல்ல எதிர்காத்துல வெறுங்கையோட நிக்காதே. அதுக்காகப் பதுக்கி வெச்சுக்கிட்டே இருக்கறதும் வேண்டாம். கிங்மேக்கரை அருங்காட்சியகத்துலயா வைக்கப்போற? ஒரே வகைப் பந்து நிறைய சேர்ந்திருந்தா டோர்னமென்டுக்கும் அதையே வெச்சுக்கோ. வளையக் கணக்கு ஒண்ணே இருக்கும், கையும் பழகும். அரிய பந்து ஒண்ணு, சுமாரான பந்து பத்துன்னா நான் பத்தைத்தான் எடுப்பேன்.

இப்போ காசு. இங்கிலாந்துல பிளேடெமிக்னு ஒரு கம்பெனி 2017ல இந்த கேமை விட்டாங்க. 2018ல மொபைல் கேமுக்கான பாஃப்டா விருது வாங்கினாங்க. 2021ல எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கறதா அறிவிச்ச விலை 140 கோடி டாலர். டவுன்லோட் பண்ணக் காசு வாங்காத ஒரு கேமை வெச்சிருந்த கம்பெனிக்கு அவ்வளவு விலை எப்படி வந்துதுன்னு கேளு. உன்னை மாதிரி ஆளுங்க தோத்த சூட்டுல நிஜக் காசு கொடுத்து ஜெம்ஸ் வாங்கினதுலதான். பெட்டியில வர்ற பந்து, பரிசா வர்ற பந்து இதுங்களை வெச்சே நல்லா ஆடலாம். காயினைக் கிளப்பை ஏத்தறதுக்கு வெச்சுக்கோ. பந்து ஒரு ஹோலோட போயிடும், ஏத்தின கிளப் கூடவே இருக்கும்.

அப்புறம், அம்மா போன்ல ஆடறன்னா பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் பாஸ்வேர்டு கேக்கற மாதிரி இன்னைக்கே மாத்திடு. யூபிஐ அதோட சேர்ந்திருக்கான்னும் பாரு. பாஸ்வேர்டு அம்மா வைக்கட்டும், நீ இல்ல.