குறைந்த செலவில் டிஜிட்டல் மிக்சர்: நம் கிளைக்கு எது பொருந்தும்?

போன வருடம் எங்கள் கிளை நடத்திய தேவாரப் போட்டியில் ஒன்பது வயசுப் பாப்பா ஒருத்தி மேடை ஏறினாள். முதல் வரியைப் பாடி முடிப்பதற்குள் ஸ்பீக்கர் ‘கீஈஈ’ என்று கத்தியது. காதைப் பொத்திக்கொண்டாள். நான் மிக்சரில் கைக்குக் கிடைத்த எதையோ குறைத்தேன். மறுபடி தொடங்கினாள், மறுபடியும் அதே கத்தல். மூன்றாவது முறை அவள் தொடங்கவே இல்லை, அம்மாவிடம் ஓடிவிட்டாள். நடுவர்கள் ‘பரவாயில்லம்மா, வா’ என்று எவ்வளவோ கூப்பிட்டும் வரவில்லை. இன்ஜினியரிங் படிக்கிற பையன் என்று என்னை அந்த மிக்சர் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். உண்மையில் அன்று எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

அடுத்த கூட்டத்தில், இனி வாடகைக்கு எடுப்பதை விட்டுவிட்டு சொந்தமாக ஒரு மிக்சர் வாங்குவது என்று முடிவானது. தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் விற்றுச் சேர்த்த பணம் 4,500 ரிங்கிட். எதை வாங்குவது என்று தேடும் வேலை என் தலையில் விழுந்தது. நாலு மாசம் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் கிளையும் இதே யோசனையில் இருந்தால் உதவும்.

முதலில் அந்தக் கத்தல் என்ன என்று பார்ப்போம். மைக் எடுக்கிற சத்தம் ஸ்பீக்கரில் வருகிறது. ஸ்பீக்கரில் வந்ததையே மைக் மறுபடி எடுக்கிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வளர்வதுதான் ஃபீட்பேக். எல்லா அதிர்வெண்ணும் ஒரே நேரத்தில் கத்தாது. அந்த மண்டபத்துக்கும் அந்த மைக்குக்கும் ஒத்துப்போகிற ஓரிரண்டுதான் முதலில் கிளம்பும். அதை மட்டும் கண்டுபிடித்து வெட்டினால் மற்றதைத் தொடாமல் சத்தத்தைக் கூட்டலாம். சின்ன அனலாக் மிக்சரில் பெரும்பாலும் ஒரு சேனலுக்கு மூன்று ஈக்யூ குமிழ்தான் இருக்கும். நடுக் குமிழைக் குறைத்தால் கத்தலோடு பாப்பாவின் குரலும் போய்விடும். டிஜிட்டலில் ஒவ்வொரு சேனலுக்கும் நான்கு பட்டை பாராமெட்ரிக் ஈக்யூ, கம்ப்ரசர், கேட், வெளியே போகும் பாதைக்கு 31 பட்டை கிராஃபிக் ஈக்யூ எல்லாம் உள்ளேயே இருக்கும். அனலாக்கில் இதே வசதி வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டிகளை அடுக்கணும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்தால் எந்த டிஜிட்டலும் காப்பாற்றாது. அன்று எங்கள் ஸ்பீக்கர் அங்கேதான் இருந்தது, இடம் மிச்சமாகுமே என்று மேடைச் சுவரோரம் வைத்திருந்தோம்.

சரி, எத்தனை சேனல் வேணும்? கடைக்குப் போவதற்கு முன் உங்கள் கிளையின் பெரிய நிகழ்ச்சியை எடுத்து ஒரு தாளில் எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு அது பஜனை. முன்பாட்டுக்கு இரண்டு மைக், பின்பாட்டுக்கு மூன்று. மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என்று இரண்டு. தபேலாவுக்கு இரண்டு, ஹார்மோனியம் ஒன்று, வயலின் ஒன்று, சுருதிப்பெட்டி ஒன்று, அறிவிப்பாளர் ஒன்று. இதுவரை 13. லேப்டாப்பிலிருந்து வரும் ஸ்டீரியோ இரண்டைச் சேர்த்தால் 15. ஜால்ராவுக்கு மைக் வேணாம், அது பக்கத்துத் தாமான் வரைக்கும் தானாகவே கேட்கும்.

இந்த இடத்தில்தான் பெயர் பார்த்து ஏமாறுகிறோம். பெட்டியின் பெயரில் இருக்கும் எண்ணும் மைக் ப்ரீஆம்ப்பின் எண்ணிக்கையும் ஒன்று என்று நினைக்காதீர்கள். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர் 16-இல் 16 உள்ளீடு இருக்கு, ஆனால் மைக் ப்ரீஆம்ப் எட்டுதான். மீதி எட்டும் லைன் உள்ளீடு. எக்ஸ்ஆர் 12-இல் நாலே நாலு. எக்ஸ்ஆர் 18-இல் 16 மைக் ப்ரீஆம்ப், கூடவே இரண்டு லைன் உள்ளீடு. எங்கள் 13 மைக்கும் லேப்டாப்பும் அதில் உட்கார்ந்துவிடும். சவுண்ட்கிராஃப்ட் யுஐ 24ஆர்-இல் 20 ப்ரீஆம்ப். எக்ஸ் 32 காம்பாக்ட் 32 சேனலைக் கையாளும், ஆனால் அதன் முதுகில் இருக்கும் மைக் ப்ரீஆம்ப் 16தான். மேலே வேணும்னா தனியாக ஸ்டேஜ் பாக்ஸ் வாங்கணும். விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை, நாம்தான் இரண்டாவது வரியைப் படிப்பதில்லை.

உள்ளே வருவதை எல்லாரும் எண்ணுவார்கள். வெளியே போவதை யாரும் எண்ண மாட்டார்கள். பாடுபவருக்கு ஒரு மானிட்டர், மிருதங்கம் வாசிப்பவருக்கு ஒன்று, நடனப் பிள்ளைகளுக்கு மேடை ஓரம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி ஆக்ஸ் வேணும். எக்ஸ்ஆர் 18-இல் ஆறு, எக்ஸ் 32-இல் 16 பஸ்.

இப்போ எல்லா விழாவும் நேரலையில் போகுது, அதற்கும் ஒன்றை ஒதுக்கிவையுங்கள். மண்டபத்துக்குப் போகும் கலவையையே நேரலைக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? நாதஸ்வரமும் தவிலும் மண்டபத்தில் மைக் இல்லாமலே அதிரும், அதனால் நாம் ஸ்பீக்கருக்கு அவற்றை அனுப்புவதே இல்லை. வீட்டில் போனில் பார்க்கும் பாட்டிக்கு வித்வான் கன்னத்தை ஊதுவது தெரியும், சத்தம் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்கும். தவிலுக்கு ஒரு மைக் வைத்து, அதை நேரலை ஆக்ஸுக்கு மட்டும் அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது எங்கள் கூட்டத்தில் பெரிய சண்டையே வந்த விஷயம்: ஃபேடர் உள்ள மேசையா, டேப்லெட்டில் ஓட்டும் பெட்டியா? பொருளாளர் அண்ணன், “கையில பிடிக்க ஒண்ணும் இல்லாம என்னத்த மிக்சர் தம்பி?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கு. கத்தல் கிளம்பினால் விரல் தானாக ஃபேடருக்குப் போகும். திரையில் அந்தச் சேனல் எந்தப் பக்கத்தில் இருக்கு என்று தேடுவதற்குள் மண்டபமே காதைப் பொத்திவிடும். ஆலன் அண்ட் ஹீத் க்யூ 16, யமஹா டிஎஃப் 1, எக்ஸ் 32 எல்லாம் மோட்டார் ஃபேடர் உள்ள நல்ல மேசைகள். ஆனால் புதுசாக எதையும் எங்கள் பணத்துக்குள் அடக்க முடியவில்லை. முழு எக்ஸ் 32-இன் எடை 20 கிலோவுக்கு மேல். எங்களிடம் இருப்பது ஒரு மைவி. டேப்லெட்டில் இன்னொரு லாபம், மண்டபத்தின் கடைசி வரிசைக்கு நடந்து போய் அங்கே எப்படிக் கேட்கிறது என்று கேட்டுக்கொண்டே சரிசெய்யலாம்.

அதன் ஆபத்து எங்களுக்குப் பட்டபிறகுதான் தெரிந்தது. வாங்குவதற்கு முன் ஒரு நிகழ்ச்சிக்கு, டேப்லெட்டில் ஓடும் மிக்சர் ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். மத்தியானம் காலி மண்டபத்தில் அருமையாக வேலை செய்தது. இரவு 300 பேர் வந்து உட்கார்ந்ததும் டேப்லெட் இணைப்பு அறுந்து அறுந்து போனது. சத்தம் நிற்கவில்லை, மிக்சர் கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டிருந்தது. ஆனால் எதையும் மாற்ற முடியவில்லை. சிறப்பு விருந்தினர் பேசும்போது அறிவிப்பாளர் தங்கையின் மைக் திறந்தே கிடந்தது. அவர் பக்கத்திலிருந்தவரிடம் “சாப்பாடு வந்துருச்சாமா?” என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

காரணம் எளிது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. அதில் 300 பேரின் போன்கள். போதாததற்கு நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும். அதனால் மிக்சருக்குள்ளேயே இருக்கும் வைஃபையை நம்பாமல், 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள தனி ரவுட்டரை லேன் கேபிளில் மிக்சரோடு மாட்டி, தலைகளுக்கு மேலே உயரமாக வையுங்கள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்ல வேணாம், தலைவரிடம்கூட. பக்கத்திலேயே ஒரு பழைய லேப்டாப்பும் அதே ரவுட்டரில் கேபிளோடு இருக்கட்டும். காற்று கைவிட்டாலும் கம்பி இருக்கும்.

பழைய சாமான் வாங்கலாமா? வாங்கலாம். எக்ஸ் 32 2012-இல் வந்தது, க்யூ வரிசை 2013-இல். இரண்டாம் கையாக நிறைய கிடைக்கும். போய்ப் பார்க்கும்போது ஒரே மைக்கை எல்லா உள்ளீட்டிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். 48 வோல்ட் பேண்டம் பவரையும் ஒவ்வொன்றிலும் கண்டென்சர் மைக் வைத்துச் சோதியுங்கள். ஃபேடர் பக்கத்தை மாற்றும்போது எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடி ஒன்றாக நிற்கணும். ஒன்று மட்டும் தடுமாறினாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், மூன்று தடுமாறினால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இன்னொரு தப்பு, முழுப் பணத்தையும் மிக்சரிலேயே போடுவது. நாங்கள் கடைசியில் எக்ஸ்ஆர் 18 எடுத்தோம். மீதிப் பணம் ரவுட்டர், எக்ஸ்எல்ஆர் கேபிள், சுமக்கும் பெட்டி, சின்ன யுபிஎஸ் என்று போனது. யுபிஎஸ் எதற்கு என்று பொருளாளர் அண்ணன் கேட்டார். கோயிலில் மின்சாரம் ஜெனரேட்டருக்கு மாறும் ஒரு நொடியில் அனலாக் உடனே திரும்பிவிடும். டிஜிட்டல் கம்ப்யூட்டர் மாதிரி முதலிலிருந்து கிளம்பணும். தீபாராதனை நேரத்தில் அந்த அமைதியை யோசித்துப் பாருங்கள் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வாங்குவதற்கு முன்பே பழகலாம். எக்ஸ் ஏர் எடிட், எக்ஸ் 32 எடிட் இரண்டும் இலவசம், மிக்சர் இல்லாமலே லேப்டாப்பில் திறக்கும். எங்கள் கிளையில் படிவம் ஐந்து படிக்கும் தங்கை ஒருத்தி ஒரே வாரத்தில் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாள். பஜனைக்கு ஒன்று, நடனத்துக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று மூன்று அமைப்புகளைச் சேமித்து வைத்திருப்பது அவள்தான்.

அடுத்த மாதம் மறுபடியும் தேவாரப் போட்டி. அந்தப் பாப்பாவின் பெயரும் பட்டியலில் இருக்கு, ஏழாவது எண். போட்டிக்கு முந்தின சனிக்கிழமை மாலை மண்டபத்துச் சாவி கேட்டிருக்கிறோம். ஸ்பீக்கரை இந்த முறை மேடைக்கு முன்னால் கொண்டுவந்து, எங்கே கத்துகிறது என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றாக வெட்டணும். பாப்பாவையும் அன்றைக்கு வரச்சொல்லி அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். மண்டபத்தில் யாரும் இல்லாதபோது ஒருமுறை அந்த மைக்கில் பாடிப் பார்க்கட்டும்.